பின்பக்கம் மாறின கார்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்
19-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிவரஞ்சனி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மில் கேண்டீன் சோறு உங்களுக்குச் சேராது என்று எனக்குத் தெரியும்.

எழுபது தடவை போன் பண்ணியிருக்கிறீர்கள். ஏன் எடுக்கவில்லை என்று சொல்கிறேன். வந்த அன்றைக்கே அப்பா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "இனிமே அவன்கூட பேச மாட்டேன்னு சொல்லு" என்று சத்தியம் வாங்கிவிட்டார். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். போனில் பேசினாலும் பேச்சுதானே. அதில் டைப் அடித்து அனுப்புவதும் பேச்சு மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஆனால் தபாலில் எழுதுவது எப்படிப் பேச்சாகும்? இரண்டு நாள் யோசித்து, ஆகாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இனி எதுவானாலும் இன்லேண்ட் லெட்டர்தான். வீட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். என்கூடப் பத்தாவது படித்த நாஜியா ரத வீதிக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் கடைக்குப் போடுங்கள்.

பபிள்கம் வாங்கினால் உள்ளே வருமே, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் படம் போட்ட அட்டை! அதற்காக என் மூன்று பவுன் சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வைத்த மனுசனை என்னவென்று சொல்வது? பேரில்தான் சங்கிலி இருக்கிறதே, போதாதா? என் கழுத்தில் கிடந்ததும் வேண்டியிருந்ததோ? கேட்டுச் செய்திருந்தால்கூட இம்புட்டு வலித்திருக்காது. "பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்" என்று இரண்டு மாசம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை.

அப்பா கெடு வைத்திருக்கிறார். தை முடிவதற்குள் சங்கிலி வர வேண்டும், அட்டை வியாபாரத்தைத் தலைமுழுக வேண்டும். இல்லையென்றால் மாசியில் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து அத்துவிட்டுவிடுவாராம். அவர் சொன்னால் செய்கிறவர். நான் அங்கே வருவதும் வராததும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சிவரஞ்சனி


ராஜபாளையம்
27-8-2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

சங்கிலிப்பாண்டி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மாமா, அத்தை உடம்பு எப்படி? நான் கேட்டேன் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் கேட்கிறேன்.

பதினொரு கிலோமீட்டர். பஸ் ஏறினால் அரைமணி. அங்கே இருக்கிற பொண்டாட்டிக்குத் தபால் எழுதுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பொய் சொன்னது தப்பு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அந்தப் பெட்டி கதையை மட்டும் கேள். தொண்ணூற்றி ஆறில் அந்த கார்டுகளை அடித்த சிவகாசி அச்சாபீஸ் ஒன்று மூடி ரொம்ப வருசமாகிறது. அதன் குடோனில் ஒரு இரும்புப் பெட்டி கிடந்து, சீல் உடைக்காத கட்டுகளோடு விலைக்கு வருகிறது என்று புரோக்கர் சொன்னார். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கட்டுக்கே அடித்துக்கொள்வார்கள். பெட்டியோடு வாங்கி, பிரித்து விற்றால் ஒரே மாசத்தில் சங்கிலியும் திரும்பும், உனக்கு வளையலும் வரும் என்று கணக்குப் போட்டேன். முந்தி இதே மாதிரி வாங்கி விற்றுத்தான் உனக்கு மிக்சி வாங்கினேன், மறந்துவிடாதே.

திறந்து பார்த்தால் மேலே இரண்டு அடுக்குதான் கார்டு. கீழே பூராவும் கரையான் தின்ற மண்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கட்டைப் பிரிக்கிற அந்தச் செத்த நேரம் இருக்கிறதே, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத நேரம், அப்போது மட்டும்தான் எனக்கு வேறு எந்த நினைப்பும் வராது. பிரித்து முடித்தால் எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் அடுத்த கட்டைத் தேடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

தைக்குள் சங்கிலியை மீட்டுவிடுவேன். நீ நேரத்துக்குத் தூங்கு.

உன்
சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-9-2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூட. உங்களுக்கு இருமல் என்று நாஜியா வீட்டுக்காரர் சொன்னார். ராஜபாளையம் வந்தபோது உங்களைப் பார்த்தாராம். சுக்கு இருக்கிற டப்பா அடுப்புக்கு மேல்தட்டில் இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் தேடிவிட்டு இல்லை என்பீர்கள்.

உங்கள் கடிதத்தை நாஜியா கடையில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். "ஏட்டி, உன் புருசன் லவ் லெட்டரா எழுதிருக்காரு, இந்த வாசி வாசிக்க?" என்று கேலி பண்ணுகிறாள். வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன்.

இருக்கிற கார்டையெல்லாம் ஒரே ஆளிடம் தள்ளிவிடுங்கள். லாபம் நஷ்டம் பார்க்காதீர்கள். குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். வ. புதுப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருத்தர், சம்சாரம் இறந்து இரண்டு வருசமாகிறதாம், அவரைப் பற்றி அப்பா சாப்பிடும்போதெல்லாம் பேசுகிறார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். எத்தனை நாள் அடுப்படியில் சாப்பிடுவது?

சுக்குத் தண்ணி போட்டுக் குடியுங்கள்.

உங்கள்
சிவரஞ்சனி


ராஜபாளையம்
25-10-2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நலம். இருமல் விட்டுவிட்டது. சுக்கு இடது பக்கம்தான் இருந்தது. உன் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது.

பெட்டியில் மிஞ்சின கார்டுகளை விற்பதற்காக ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றாம் நம்பர் கார்டில் முன்பக்கம் ஒரு பந்துவீச்சாளர் படம். பின்பக்கம் ஒரு விக்கெட் கீப்பருடைய ரன் கணக்கு! அச்சடிக்கும்போது எவனோ ஷீட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறான். இப்படிப் பின்பக்கம் மாறினது வேறு யாரிடமும் இல்லையாம். குரூப்பில் போட்ட அஞ்சாவது நிமிசம் பெங்களூர்க்காரர் ஒருவர் போன் பண்ணினார். ஒன்றே முக்கால் லட்சம் தருகிறேன், பொங்கல் முடிந்து நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். அடகை வட்டியோடு மீட்டாலும் கையில் நிற்கும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, ரஞ்சனி.

ஆனால் கேள். அன்றைக்குச் சாயந்திரமே கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன், அந்த கார்டைக் கொடுத்தால் சீல் உடைக்காத மூன்று பெட்டி தருகிறேன் என்றான். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி பூராவும் அந்த மூன்று பெட்டியைத்தான் நினைத்தேன். என் கையில் இருந்தால் தை வரைக்கும் இந்த கார்டு இருக்காது. அதனால் உனக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வேறு யாரை நம்புவது? என்னையே நான் நம்பவில்லை.

பத்திரமாக வைத்துக்கொள். தண்ணி படக்கூடாது, வெயில் படக்கூடாது. மூலை ஒரு துளிகூட மடங்கக்கூடாது. அவ்வளவுதான். பொங்கல் முடிந்ததும் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு உன் ஊருக்கே வாரேன்.

உன்
சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8-11-2024

என் அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன், மெய்யாகவே நலமாக இருக்கிறேன். கார்டு வந்து சேர்ந்தது. நாஜியா கடையில் வைத்து நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணமாகி மூன்று வருசத்தில் முதல் தடவையாக ஒரு பொருளை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறீர்கள். கோயம்புத்தூர்க்காரன் கதையை நீங்கள் சொல்லியிருக்கவே வேண்டாம். அதையும் சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகவே அன்றைக்கு ஒரு வாய் கூடச் சாப்பிட்டேன்.

இங்கே விடாத மழை. வீட்டு ஓட்டில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. பீரோவுக்குள் வைத்த சேலைகூட நமுத்துப்போகிறது. உங்கள் பெட்டியைக் கரையான் தின்ற கதை வேறு மண்டைக்குள்ளேயே ஓடியது. கார்டைச் சேலை மடிப்பில் வைத்தேன், அரிசிப்பானையில் வைத்தேன், எங்கே வைத்தாலும் பயமாக இருந்தது. கடைசியில் நல்ல யோசனை வந்தது. தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் பண்ணிவிட்டேன்! "நார்மலாக்கா, திக்காக்கா?" என்றார். இருக்கிறதிலேயே திக்கானதாகப் போடச் சொன்னேன். ரேஷன் கார்டுக்குக்கூட நான் அப்படிப் போட்டதில்லை. மிசினில் இரண்டு தடவை விட்டு எடுத்தார். மூலை மடங்கக்கூடாது என்றீர்களே, அதைச் சொன்னதும் கார்டோடு சேர்த்து நாலு மூலையையும் வளைவாக வெட்டிக் கொடுத்துவிட்டார். இனி மடங்குவதற்கு மூலையே இல்லை. பளபளவென்று என்ன அழகாக இருக்கிறது தெரியுமா? தண்ணிக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

புத்திசாலி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் பார்ப்போம். தை எப்போது வரும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
சிவரஞ்சனி


ஸ்ரீவில்லிபுத்தூர்
4-12-2024

சங்கிலி அண்ணனுக்கு நாஜியாவின் ஸலாம்.

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறோம். ரஞ்சனிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும் நேரம் பார்த்துக் கடைக்கு வருகிறாள். பட்டன் கட்டிக் கொடுக்கிற சாக்கில் உட்காருகிறாள். அவர் கையை விரித்துவிட்டுப் போனதும், "வேலை அதிகமா இருக்கும்ட்டி" என்று அவளே சொல்லிக்கொண்டு எழுந்து போகிறாள். ஒரு மாசமாக இதே கதை.

உடம்புக்கு முடியவில்லையா? அல்லது திரும்பவும் எதையாவது வாங்கிவிட்டீர்களா? எதுவானாலும் எனக்காவது நாலு வரி போடுங்கள். அந்த கார்டை அவள் குர்ஆனைப் போல உறைபோட்டு வைத்திருக்கிறாள்.

தங்கை
நாஜியா


ராஜபாளையம்
9-12-2024

தங்கச்சி நாஜியாவுக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். இதை நீ மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

கார்டு போச்சு. லேமினேஷன் சூட்டில் பிளாஸ்டிக் உருகி அட்டையோடு ஒட்டிப்போகும். பிரித்தால் அச்சும் சேர்ந்து உரிந்து வரும். மூலையை வேறு வெட்டியாகிவிட்டது. சேகரிக்கிறவர்கள் கையில் உறை மாட்டிக்கொண்டு தொடுகிற சாமான் அது. பெங்களூர்க்காரரிடம், லேமினேஷன் பண்ணியிருந்தால் எடுப்பீர்களா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். சிரித்தார். "அப்புறம் அது கார்டு இல்லைங்க, டீ டம்ளர் வைக்கிற அட்டை" என்றார். அவர் வரப்போவதில்லை.

அன்றைக்கு மில்லில் மிசினுக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். ரஞ்சனி மேல் கோபமே வரவில்லை. அவள் என்ன செய்வாள்? ஆதார் கார்டிலிருந்து சாமி படம் வரைக்கும் நம் ஊரில் அருமையான பொருளுக்கு எல்லோரும் அதைத்தானே செய்கிறோம்? லேமினேஷன் பண்ணாதே என்று நான்தான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை.

அவளிடம் சொல்லிவிடாதே. இதோடு இருக்கிற கடிதத்தை மட்டும் கொடு. வேறு வழியில் பணம் புரட்டப் பார்க்கிறேன்.

அண்ணன்
சங்கிலிப்பாண்டி


ராஜபாளையம்
9-12-2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நலம். மில்லில் வேலை கடுமை, அதனால்தான் பிந்திவிட்டது, வருத்தப்படாதே. அத்தைக்கு முழங்கால் தேவலையா?

லேமினேஷன் பண்ணினது நல்ல காரியம். நீ புத்திசாலி. பெங்களூர்க்காரர் வருவது கொஞ்சம் தள்ளிப்போகும்போல் இருக்கிறது. அவருக்கு அங்கே வேலை நெருக்கடி. மழையில் நனையாதே.

உன்
சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
7-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

இரண்டு மாசத்தில் உங்களிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. பொங்கல் போனது, தைப்பூசமும் வரப்போகிறது. பொங்கலுக்கு மறுநாளிலிருந்து பத்து நாள், கார்டைப் பையில் வைத்துக்கொண்டு நாஜியா கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெங்களூர் ஆளும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. நேற்று வ. புதுப்பட்டிக்காரர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுசன்தான், தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நான்தான் காப்பி கொடுத்தேன். கொடுக்கும்போது நான் செத்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அவன் உன்னைத் திரும்பவும் ஏமாத்திட்டான் தாயி. ஆளாவது, பெங்களூராவது" என்கிறார் அப்பா. மாசி பதினைந்தாம் தேதி உட்காரப்போகிறார்கள். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாகிவிட்டது.

மாமா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த கார்டை வாங்க மெய்யாகவே ஒரு ஆள் இருந்தாரா? இருந்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். பேரம் முறிந்திருக்கட்டும், சங்கிலி ஏலத்துக்கே போகட்டும். எனக்குச் சங்கிலி வேண்டாம். எனக்காக ஒரு தடவையாவது நிசமாகப் பாடுபட்டீர்கள் என்று தெரிந்தால் போதும், அப்பா தலைமேல் பண்ணின சத்தியத்தையும் மீறி, கட்டின சேலையோடு பஸ் ஏறி வந்துவிடுவேன். இல்லை, என்னைப் பிடித்துவைக்கச் சொன்ன இன்னொரு பொய் என்றால், அதையும் சொல்லிவிடுங்கள். நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உங்கள்
சிவரஞ்சனி

(அண்ணே, நாஜியா. படித்துவிட்டு ஒட்டிப் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அல்லாஹ்வுக்காக உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவள் வந்துவிடுவாள்.)


ராஜபாளையம்
18-2-2025

தங்கச்சி நாஜியாவுக்கு,

நலமா? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீ சொல்வது சரி. உண்மையைச் சொன்னால் வந்துவிடுவாள். ஆள் இருந்தார் என்று எழுதினால், பிறகு ஏன் வாங்கவில்லை என்று கேட்பாள். அவளிடம் அரைகுறையாகச் சொல்லித் தப்ப முடியாது. பால் பொங்கி வழிந்தாலே, "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று இரண்டு நாள் புலம்புகிறவள். தன் கையாலேயே சங்கிலியை அழித்தேன் என்று ஆயுசு பூராவும் தன்னைத்தானே தின்றுவிடுவாள்.

அது ஒன்றுதான் காரணம் என்று எழுதிவிட்டால் நான் நல்லவனாகிவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் சம்பளம் வாங்கின கையோடு சீல் உடைக்காத பெட்டி ஒன்று வாங்கினேன். அவள் கேட்டு எழுதின கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அதோடேயே வாங்கினேன், நாஜியா. அதைப் பிரித்த செத்த நேரம் எனக்கு அவள் ஞாபகம்கூட வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. பொறவு தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்? அடுத்த மாசமும் வாங்குவேன். அவள் வந்தால் அவள் கம்மலும் போகும்.

கூட இருக்கிற கடிதத்தை அப்படியே கொடுத்துவிடு. நீ வாயைத் திறக்காதே. உன்னிடம் சத்தியம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, கும்பிட்டுக் கேட்கிறேன்.

அண்ணன்
சங்கிலிப்பாண்டி


ராஜபாளையம்
18-2-2025

சிவரஞ்சனிக்கு,

மாமா, அத்தை, நீ எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில். ஆள் யாரும் இல்லை. பெங்களூர்க்காரர் என்பது நான் கட்டின கதை. கோயம்புத்தூர்க்காரனும் கதைதான். அந்த கார்டு பத்து ரூபாய்கூடப் பெறாது. உன்னை நம்பவைக்க ரிஜிஸ்டரில் அனுப்பினேன். மாமா சொன்னதுதான் சரி.

கையெழுத்துப் போட்டுவிடு. நானும் வந்து போடுகிறேன்.

சங்கிலிப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
3-3-2025

திரு. சங்கிலிப்பாண்டி அவர்களுக்கு,

நலம். மாசி பதினைந்தில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வைகாசியில் தேதி பார்க்கிறார்கள். இனி நான் எழுதுவது முறையில்லை, இதுதான் கடைசி. இதையும் நாஜியா கடையில் இருந்துதான் எழுதுகிறேன். உங்கள் பதிலைப் படித்துக் காட்டியபோது அவள் மிசினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அப்படி அழுதாள். பைத்தியக்காரி, நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அப்பா தலைமேல் பண்ணின சத்தியத்தை மீறாமல் தப்பித்தேனே என்றுகூட இருந்தது.

உங்களைத் திட்டி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நன்றிதான் சொல்ல வேண்டும். கேட்டதும் மறைக்காமல் எழுதினீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இப்படிக்கு
சமுத்திரம் மகள் சிவரஞ்சனி